பத்தொன்பதாம் எண் நிலத்தின் வாசல்

நியூசிலாந்துக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் நூர்லியில் சிக்ரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஊரில் அத்தனை பேரோடும் ஏதாவது ஒரு காலத்தில் ஏதாவது ஒரு தகராறு அவளுக்கு இருந்திருக்கிறது. கோவிலில் பெண்கள் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்று பாதிரியார் சொன்னபோது, குளிர்காயும் அடுப்பு வலப்பக்கம்தானே இருக்கிறது என்று அங்கே போய் உட்கார்ந்தவள் அவள். மாட்டுச் சந்தைக்குப் பெண்கள் வரக்கூடாது என்று சொன்னவர்களுக்கு நடுவே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள். எழுபத்தாறு வயதில் அவள் செத்தபோது நாற்பது ஏக்கர் நிலமும் பதினொரு கறவை மாடும் ஓலியானா என்று ஒரு மகளும் மிச்சம். நிலப் பத்திரத்தில் அவள் பெயர்தான் இருந்தது. அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை.

நார்வேயில் ஹெட்மார்க் பக்கத்தில் அவளும் அவள் புருஷன் எம்ப்ரெட்டும் ஒரு பண்ணையாரின் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, குடிசைக்கு வாடகையாக உடலுழைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நியூசிலாந்து அரசாங்கம் ஆள் கூப்பிடுகிறது. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர், கப்பலில் இடம், போய் இறங்கியதும் ரோடு போடும் வேலை. காகிதத்தில் ஒரு படமும் இருந்தது. வீடு, வீட்டின் மேல் புகை, முன்னால் ஒரு பசு. மரம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, பசுவுக்கு நிழலாக.

அவ்வளவு நல்ல நிலமாக இருந்தால் அவர்களே வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று சிக்ரி கேட்டாள். எம்ப்ரெட் சிரித்தான். அவன் அந்தப் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மண் அதுவரை யாருடையது, அங்கே காலங்காலமாக இருந்த மவோரிகளிடமிருந்து அதை எப்படி வாங்கினார்கள் என்று காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவுமில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

நாலு மாதம் கடலில். இறங்கியதும் துறைமுகத்தில் ஒரு நீளமான கொட்டகையில் எல்லோரையும் அடைத்தார்கள். இந்தத் துறைமுக ஊரிலேயே கூலி வேலை தேடிக்கொள்கிறோம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்குத் துறைமுகத்தில் ஆள் வேண்டியதில்லை, காட்டுக்குள்தான் வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பாதவர்களுக்கு மறுநாளிலிருந்து ரொட்டி கிடையாது என்று சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். பெயர் ராஸ்முசன், டென்மார்க்காரர். எங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும் ஒன்றுதான், என்ன, அவர்கள் வாயில் சுடச்சுட உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். மூன்று நாள் நடை, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றார் அவர். சிக்ரி தன் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். குழந்தைகளுக்கு வண்டி வந்தால் எழுந்திருப்பேன் என்றாள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தாள், ரொட்டி இல்லாமல். மறுநாள் காலையில் மாட்டுவண்டி ஒன்று வந்தது.

காட்டைப் பார்த்ததும் பெரியவர்களே அழுதார்கள். காகிதத்தில் விட்டுப்போன மரமெல்லாம் அங்கே நின்றது. மரங்களுக்கு நடுவே ஒரு கோடு, அதுதான் ரோடு, அதாவது இனிமேல் நாங்கள் போட வேண்டிய ரோடு. கோட்டுக்கு வடக்கே பதினெட்டுக் குடும்பங்களுக்கு நிலம். பத்தொன்பதாம் எண் குச்சி மட்டும் கோட்டுக்குத் தெற்கே நட்டிருந்தது. சீட்டுப் போட்டதில் அது எம்ப்ரெட்டுக்கு விழுந்தது.

பதினெட்டு வீடுகள் எழும்பின. பதினெட்டுக்கும் வாசல் தெற்கே. வெயில் தெற்கிலிருந்து வரும், அதனால் வாசலும் ஜன்னலும் தெற்கே, அடைத்த சுவர் வடக்கே. எங்கள் ஊரில் அடுப்பில் தீ வைப்பதைப் போல அது யோசிக்காமல் செய்கிற காரியம். முதல் குளிர்காலத்தில் அந்தப் பதினெட்டு வீட்டிலும் சுவர் பூசணம் பூத்தது, ரொட்டி பூசணம் பூத்தது, செருப்புகூடப் பூத்தது. இந்த நாட்டு மரம் ஈரத்தை விடாது என்று ஆண்கள் ஒருவருக்கொருவர் தேற்றிக்கொண்டார்கள். சிக்ரிதான் ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது, மரத்தைத் திட்டாதீர்கள், இந்த நாட்டில் சூரியன் வடக்கே போகிறது, நிமிர்ந்து பார்த்தால் தெரியும் என்றாள். தச்சுவேலை தெரிந்த தோஸ்தென்தான் அந்த வீடுகளுக்கெல்லாம் அளவு வைத்தவன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை.

எம்ப்ரெட் நிதானமான ஆள். மரப்பட்டையில் ஒரு சாய்ப்புப் போட்டு பெண்டாட்டியையும் நாலு வயது ஓலியானாவையும் அதில் வைத்துவிட்டு, நல்ல அடிமரமாகப் பார்த்து வெட்டி, நாலு பக்கமும் செதுக்கி, மூலைக்கு மூலை கோக்கும்படி வெட்டுப்பள்ளம் போட்டு அடுக்கிவைத்துக்கொண்டே இருந்தான். வீடு கட்டாமல் விறகுக்கடை வைக்கப் போகிறாயா என்று ஊர் கேலி செய்தது. அடுத்த பிப்ரவரியில், ரோடு வேலையில், இன்னொருவன் வெட்டிய மரம் சுழன்று அவன் மேல் விழுந்தது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவனைப் புதைத்து ஆறு வாரம் ஆன ஒரு திங்கட்கிழமை ராஸ்முசன் கடிதத்தோடு வந்தார். குடியேற்ற அதிகாரி பெல்லமி துரை நிலங்களைப் பார்வையிட வெள்ளிக்கிழமை வருகிறார். நிலத்தில் குடியிருக்கத் தகுந்த வீடு நிற்க வேண்டும், அதில் ஆள் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். கடிதத்தில் கொடுத்திருந்த கெடு மூன்று வாரம். கடிதம் வந்து சேர இரண்டரை வாரம் ஆகியிருந்தது. கடைசியில் ஒரு சிபாரிசும், அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஓர் இடமும் இருந்தன. விதவையானவள் துறைமுகக் கொட்டகைக்குத் திரும்பினால் நல்ல குடும்பத்தில் வீட்டுவேலைக்குச் சேர்த்துவிடுவார்கள். குழந்தையோடு யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் குழந்தையை விடுதியில் வைத்துக்கொள்வார்கள். அரசாங்கத்தின் சிபாரிசு என்றால் கழுத்தில் கை வைத்துத் தள்ளுவதற்கு மரியாதையான பெயர்.

"கையெழுத்துப் போடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் ராஸ்முசன்.

"என் புருஷன் இங்க மண்ணுக்குள்ள இருக்கான். என் பொண்ணு இங்க மண்ணுக்கு மேல இருக்கா. நான் எங்க போறது?" என்றாள் சிக்ரி. காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கையால் ஆகாத வேலை வந்துவிட்டால் வீடு வீடாகப் போய்க் கூப்பிடலாம். கூப்பிட்டால் வர வேண்டும். கூலி கிடையாது, வேலை முடிந்ததும் வெண்ணெய் ஊற்றிய கூழ் மட்டும். கூப்பிடுகிறவர் ஒரு வீட்டையும் விடக்கூடாது, விட்டால் அந்த வீட்டுக்காரனைத் திருடன் என்று சொன்னதைவிடப் பெரிய அவமானம். வந்து செய்து கொடுத்த வேலையில் குற்றம் சொல்லவும் கூடாது. சிக்ரி ஓலியானாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் பதினெட்டு வீடும் ஏறி இறங்கினாள். தோஸ்தென் வீட்டுக்கும் போனாள். அவன் பலகை இழைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. வியாழக்கிழமை என்று அவள் சொன்னதற்கு, சரி என்று மட்டும் சொன்னான்.

மழைக்கு முன் ரோடு முடிய வேண்டும் என்று அப்போது வாரத்துக்கு ஆறு நாளும் ரோடு வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் கோடரியைத் தொட மாட்டார்கள். ஆகவே ரோட்டை விட்டு வந்தால்தான் உண்டு. வியாழக்கிழமை காலையில் பதினெட்டுப் பேரும் மண்வெட்டியைச் சேற்றில் வரிசையாக ஊன்றி வைத்தார்கள். ரோட்டு மேஸ்திரி குதித்தான். போகிறவன் திரும்பி வர வேண்டாம் என்றான். நாளைக்கு வருகிறோம் என்று தோஸ்தென் மரியாதையாகவே சொல்லிவிட்டு நடந்தான். அந்தக் காட்டில் மேஸ்திரிக்கு வேறு பதினெட்டுப் பேர் எங்கே கிடைப்பார்கள்?

சிக்ரி அன்று முழுவதும் அரை மைல் தள்ளி தோஸ்தென் மனைவி மார்த்தேயின் அடுப்பில் இருந்தாள். பதினெட்டு ஆண்களுக்குக் கூழ் கிண்டுவது சின்ன வேலையில்லை. மாவு ஒரு வீட்டிலிருந்து, பால் ஒரு வீட்டிலிருந்து, வெண்ணெய் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி. பொழுது சாய்கிற நேரம் இரண்டு பேரும் அண்டாவைக் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் எம்ப்ரெட்டின் அடிமரங்கள் வீடாகிவிட்டிருந்தன. கூரை ஏறியிருந்தது. களிமண் புகைபோக்கி இன்னும் ஈரமாக நின்றது. சிக்ரி அண்டாவை இறக்கச் சொல்லிவிட்டு நின்று பார்த்தாள். அப்புறம்தான் ரோட்டைப் பார்த்து நிற்பது முழுச்சுவர் என்பதைக் கவனித்தாள். கதவைக் காணோம், ஜன்னலைக் காணோம். சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பக்கம், தெற்கே, காட்டையும் சேற்றையும் பார்த்துக்கொண்டு வாசல் இருந்தது.

தோஸ்தென் வேண்டுமென்று செய்தானா, இல்லை, அவன் கைக்கு வேறு திசையே தெரியாதா? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அப்போதுதான் ரோட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள், கூழை ஊற்றினாள், நடுவில் வெண்ணெய் குளமாக நிற்கும்படி பார்த்துப் பார்த்து ஊற்றினாள். நல்ல உறுதியான வீடு என்று சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் பெல்லமி துரை குதிரையில் வந்தார், பக்கத்தில் இன்னொரு குதிரையில் ராஸ்முசன். ரோடு வேலை அன்று அவள் நிலத்துக்கு எதிரேயே நடந்துகொண்டிருந்தது, அதனால் பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை இறங்கவில்லை. சுவரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஏதோ சொன்னார். வாசல் இல்லாதது வீடு அல்ல, கொட்டகை என்கிறார் என்றார் ராஸ்முசன். வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது, சுற்றி வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றாள் சிக்ரி. துரை சேற்றைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். வீடு ரோட்டைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்பது விதி, ஆற்றங்கரை வரை போய்விட்டு மதியம் இதே வழியாகத்தான் திரும்புவேன், அதற்குள் இந்த அம்மாள் வீட்டைத் திருப்பி வைப்பதானால் வைக்கட்டும் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ராஸ்முசன் அந்தச் சிரிப்பையும் மொழிபெயர்த்தார்.

அவர்கள் போனதும் சிக்ரி உள்ளே போய் எம்ப்ரெட்டின் கோடரியை எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டுப் பக்கத்துச் சுவருக்கு எதிரே நின்று, கையை நீட்டி ஓர் ஆள் அகலம் பார்த்துக்கொண்டு, முதல் வெட்டைப் போட்டாள். எம்ப்ரெட் இழைத்து இழைத்துச் செதுக்கிய மரம். அது அவளுக்கு வலிக்காமல் இல்லை. இரண்டாவது வெட்டையும் போட்டாள். ரோட்டில் மண்வெட்டிகள் நின்றுவிட்டன.

தோஸ்தென் ஓடிவந்தான். "நில்லு. ரெண்டு பக்கமும் நிலைக்கட்டை அடிக்காம வெட்டினா மரமெல்லாம் பிதுங்கிக்கும். மேல இருக்கறது மொத்தமும் தலைல விழும்."

"என் தலைதானே. விழட்டும்."

"விழக்கூடாது. வாசல் வச்சவன் நான்." அவன் குரல் இறங்கியது. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து நீங்க கூழுக்கு வேலை செஞ்சவரு. குத்தம் சொல்லக்கூடாது. இன்னிக்கு ரோட்டுக்காரர். இப்பச் சொல்றேன். வாசல் தப்பு, தோஸ்தென் அண்ணே."

கூப்பிடப் போனபோது அவன் சொன்ன அந்தச் சரியைத் தவிர, பேச்சை நிறுத்திய பிறகு அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு. தோஸ்தென் போய் இரண்டு தடித்த பலகையும் ஆணியும் கொண்டுவந்தான். மேஸ்திரி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான், கத்திக்கொண்டே இருந்தான். தோஸ்தென் பலகைகளைச் சுவரில் நெட்டாக நிறுத்தி, ஒவ்வொரு அடிமரத்திலும் இறங்கும்படி ஆணி அடித்தான். பிறகு கோடரிக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவளுக்கு உள்ளங்கை கிழிந்து கோடரிக் காம்பு வழுக்கியது. பாவாடைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். ஒரு மரம் துண்டாகி விழும்போதெல்லாம் அவன் அதை இழுத்துப் போட்டான். அதற்கு மேல் அவனை ஒன்றும் செய்ய விடவில்லை. நான் வெட்டினேன் என்று இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள், ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

கடைசி மரம் விழுந்ததும் வெயில் உள்ளே போனது. அடுப்பு வரைக்கும் போனது. நூர்லியில் அதுவரை எந்த வீட்டுக்குள்ளும் அவ்வளவு வெயில் போனதில்லை. ஓலியானா அதில் உட்கார்ந்து நேற்றைய கூழைத் தின்றுகொண்டிருந்தாள். ரோட்டில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு எதிரே இருந்த தங்கள் வீடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

துரை திரும்பி வரும்போது மணி மூன்றுக்கு மேல் இருக்கும். கதவு இல்லை, நிலை உண்டு, நிலைக்கு நடுவே சிக்ரி. அவர் நெடுநேரம் பார்த்தார். சரி, இது வீடுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நோட்டில் வீட்டுக்கு உடையவன் என்ற இடத்தில் எழுதியிருப்பது செத்துப்போன ஆளின் பெயர். அங்கே ஓர் ஆணின் பெயரை எழுத வேண்டும், நிலத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்ள யாராவது உண்டா என்று கேட்டார். ராஸ்முசன் கெட்ட மனுஷன் இல்லை. அவர் தாழ்ந்த குரலில் அவளிடம் வழி சொன்னார். தோஸ்தென் பெயரைப் போட்டுவிடலாம், வெறும் பெயருக்குத்தான், நீயே இருந்துகொள், துரைக்கும் வேலை முடியும். ரோட்டிலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்குள் அங்கே வந்து நின்ற மார்த்தேகூட, ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினாள். காலையிலிருந்து சிக்ரி உட்காரவே இல்லை. சரி என்று சொன்னால் உட்காரலாம்.

தோஸ்தென்தான் முதலில் பேசினான். "வாசலை எந்தப் பக்கம் வைக்கறதுன்னே தெரியாதவன் பேரு எதுக்கு?" என்றான்.

யாரோ சிரித்தார்கள். சிக்ரி சிரிக்கவில்லை. துரை பொறுமை இழந்து, பெயரைப் பிறகு பார்க்கலாம், முதலில் உள்ளே அடுப்பும் படுக்கையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது விதி, வழிவிடச் சொல் என்றார். அப்போதுதான் அவளுக்குச் சொல்ல வேண்டியது கிடைத்தது.

"ராஸ்முசன் ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டாம குறைக்காம சொல்லணும். அடுத்தவங்க வீட்டுக்குள்ள போகணும்னா வீட்டுக்கு உடையவங்களக் கேட்டுட்டுத்தானே போகணும்? அவர் ஊர்லயும் அப்படித்தானே இருக்கும்? அவருக்கு உள்ள வரணும். இங்க உடையவங்க யாருன்னு முதல்ல எழுதச் சொல்லுங்க. அப்புறம் அந்த ஆளக் கேக்கச் சொல்லுங்க. ஆம்பள பேரத்தான் எழுதுவேன்னா அவன் வர்ற வரைக்கும் ரோட்டுலயே நிக்கட்டும். நான் நகர மாட்டேன்."

ராஸ்முசன் சொன்னார். இந்த முறை அவர் குரலில் உருளைக்கிழங்கு இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது. துரையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு யோசனையில் இறங்கியது. மாலைக்குள் அவர் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆற்றங்கரையில் அவர் பார்த்துவிட்டு வந்த நிலங்களில் பாதி காலியாகக் கிடந்தது, அங்கே வந்தவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். இங்கே ஓடச் சொல்லியும் ஓடாத ஒருத்தி நிற்கிறாள். பென்சிலை எடுத்தார். பெயரைக் கேட்டார். ராஸ்முசன் எழுத்து எழுத்தாகச் சொன்னார். எம்ப்ரெட்டின் பெயர் மேல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினார். எழுதியதைக் காட்டச் சொன்னாள். அவர் நோட்டைத் திருப்பிப் பிடித்தார். அவளுக்குத் தன் பெயரை மட்டும் படிக்கத் தெரியும்.

பிறகு பெல்லமி துரை குதிரையை விட்டு இறங்கினார். பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் போனது. நடந்து வந்து நிலைக்கு வெளியே நின்று, தொப்பியை எடுத்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவர் கேட்ட மொழி சிக்ரிக்குப் புரியாது. என்ன கேட்டார் என்பது புரிந்தது. இருந்தும் ராஸ்முசன் அதை நார்வே மொழியில் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் ஓரடி விலகினாள்.